குமரப்பாவின் புத்தகமும் ஒரு கிழவியின் கேள்வியும்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், திருமங்கலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் டி.கல்லுப்பட்டி என்று ஓர் ஊர் வரும். பஸ் அங்கே நின்று சிலரை இறக்கிவிட்டு, சிலரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். வேர்க்கடலை வாங்குவதற்கு மேல் அந்த ஊரில் பிரயாணிகள் கவனிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. நானும் பல வருஷங்கள் அப்படித்தான் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் இன்று திரும்பத் திரும்பப் பேசுகிற ஒரு சங்கதியை எழுபது, எண்பது வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்ட ஒருவர் தம்முடைய கடைசிக் காலத்தை அந்த ஊரில்தான் கழித்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பஸ்ஸில் தூங்க முடியவில்லை.

அவர் பெயர் ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்திவிட்டு, அமெரிக்காவுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராயப் புகுந்தவர், 1929-ல் காந்தியைச் சந்தித்தார். சட்டை மாறியது, பிறகு வாழ்க்கையும் மாறியது. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். சுதந்திரத்துக்குப் பிறகு நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். புதிய சர்க்கார் போகிற வழி தமக்கு ஒத்துவராது என்று கண்டதும் ஒதுங்கிக் கல்லுப்பட்டிக்கு வந்தார். 1940-ல் அங்கே ஏற்பட்டிருந்த காந்தி நிகேதன் ஆசிரமம் அவருக்கு இடம் கொடுத்தது. 1960-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், அவரும் காலமானார். அவருடைய குடிசையில் காந்தியின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவனின் படமும் இருந்ததாம். யார் என்று கேட்டவர்களுக்கு, காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்று சொல்வாராம்.

நான் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல, அவருடைய புத்தகத்தைப் பற்றி. 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்று பெயர். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜபல்பூர் சிறையில் எழுதியது, 1945-ல் வெளிவந்தது. முன்னுரை எழுதிய காந்தியே, இது சுலபமாகப் புரிகிற புத்தகம் இல்லை, இரண்டு மூன்று தடவை படித்தால்தான் பிடிபடும் என்று எச்சரித்திருக்கிறார். முன்னுரைகளில் இப்படிப்பட்ட நேர்மையை நாம் அதிகம் பார்ப்பதில்லை. நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை படித்தது ராஜபாளையத்தில், ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில். அந்த மூன்றாம் தடவை ஏற்பட்ட அபிப்பிராயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஒரு கட்சி இதைக் கும்பிடுகிறது. இன்னொரு கட்சி, மாட்டுவண்டிக் காலத்துப் பேச்சு என்று சிரிக்கிறது. இரண்டு கட்சியாரும் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம். பிரித்துப் பார்த்தால் முதலில் தெரிவது, இது பக்தர் எழுதிய புத்தகம் அல்ல, தணிக்கையாளர் எழுதிய புத்தகம் என்பதுதான். மனித நாகரிகத்தின் வரவுசெலவுக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே பொய்க் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்க்கிறார் குமரப்பா. வனத்திலும் ஆற்றிலும் சூரிய வெளிச்சத்திலும் இருந்து வருகிற வளம் திரும்பத் திரும்ப வருவது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைவது. குறைகிற முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுகிறவனை எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? நம்முடைய கரிசல் சம்சாரிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மழை பெய்கிற வரையில்தான் கண்மாய் என்று அவனுக்குத் தெரியும். விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுகிற வீட்டை அவன் பணக்கார வீடு என்று சொல்லமாட்டான். 1973-ல் ஷூமாக்கர் என்கிற பொருளாதார அறிஞரின் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' வெளிவந்து மேல்நாட்டில் பெரும் புகழ் பெற்றது. அவர் அதில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். சீமையில் போய்த் திரும்பி வந்த பிறகுதான் நமக்கும் அவர் பெயர் ஞாபகம் வந்தது. இது நம் வழக்கம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்தின் மையமான கருத்து ஐந்து வகைப் பொருளாதாரங்கள். இயற்கையிலிருந்தே உதாரணம் காட்டுகிறார். ஆட்டைக் கொன்று தின்கிற புலி ஒட்டுண்ணி வகை. மாந்தோப்பில் புகுந்து, நட்டதிலும் தண்ணீர் ஊற்றியதிலும் பங்கில்லாமல் பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற குரங்கு சூறை வகை. தேனை எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தம் சேர்த்து நன்மை செய்கிற தேனீ முயற்சி வகை. தனக்காக இல்லாமல் கூட்டுக்காகச் சேர்க்கிறது என்று பார்த்தால் அதே தேனீ கூட்டுறவு வகை. பிரதிபலன் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற தாய்ப்பறவை தொண்டு வகை. மனிதன் முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்கு ஏறி வரவேண்டும் என்கிறார்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மாந்தோப்புகளை வைத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள். குமரப்பாவின் குரங்கு அவர்களுக்குப் பழகிய குரங்கு. ஆனால் புலி விஷயத்தில் புத்தகம் சறுக்குகிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகளைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். புலி இருந்தால் மானும் பன்றியும் அளவோடு இருக்கும். அவை அளவோடு இருந்தால் செடி தழைக்கும். காடு இருந்தால் ஓடையில் தண்ணீர் வரும். இந்தக் கணக்கில் புலி ஒட்டுண்ணி அல்ல, கணக்கப்பிள்ளை. அதுவும் பசித்தால்தான் அடிக்கும்; நாளைக்கு விற்கலாம் என்று ஓர் ஆட்டை அடித்துக் கிடங்கில் போட்டு வைப்பதில்லை. அந்தக் காரியத்தைச் செய்யும் பிராணி ஒன்றுதான் உண்டு. அதற்கு உதாரணம் தேட மலைக்குப் போகவேண்டியதில்லை. இயற்கையைப் பள்ளிக்கூட வாத்தியாராக்கி அதன் வாயில் நமக்கு வேண்டிய பாடத்தைப் போடுவது அபாயமான வேலை. குமரப்பா அதைச் செய்திருக்கிறார். பாடம் சரி, வாத்தியார்தான் அப்படிச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய பலம் புத்தகத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. பொருளை விற்கிறவனைக் குறை சொல்கிற எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். குமரப்பா வாங்குகிறவனைப் பிடித்து நிறுத்துகிறார். நீ ஒரு பொருளை வாங்கினால், அது எப்படிச் செய்யப்பட்டது, யார் வயிற்றில் அடித்துச் செய்யப்பட்டது என்பதிலும் உனக்குப் பங்கு உண்டு என்கிறார். இதைப் படித்த பிறகு கடைத்தெருவில் நடப்பது சங்கடமாகிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பஸ் நிலையத்தில் இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் பால்கோவா. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமே கிண்டி விற்கிறது. தனியார் கடைகளும் ஏராளம். குமரப்பா கூட வந்திருந்தால் பெட்டியின் மூடியைத் திறந்து இனிப்பைப் பார்த்திருக்கமாட்டார். இந்தப் பணத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்ட பெண்பிள்ளைக்கு எவ்வளவு போயிற்று, பால் வாணலிக்குப் போவதற்கு முன் அவள் குழந்தைக்கு ஒரு தம்ளர் கிடைத்ததா என்று கேட்டிருப்பார். நான் இந்தக் கேள்விகளை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே கால் கிலோ வாங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. இதில் உதாரணங்கள் இருக்கின்றன, பாத்திரங்கள் இல்லை. நெசவாளி வருகிறான், செக்காட்டுகிறவன் வருகிறான், நெல் குத்துகிறவள் வருகிறாள். ஒருவருக்கும் முகம் இல்லை, வாய் இல்லை. இவர்களில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து பேசியிருந்தால் புத்தகம் எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. ராஜபாளையத்துத் திண்ணையில் அது நடந்தேவிட்டது.

நண்பர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் சத்திரப்பட்டி. உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிற ஊர் அது. விசைத்தறிச் சத்தம் கேட்காத நேரமில்லை. நண்பருடைய தாயாருக்கு எண்பத்தைந்துக்கு மேல் வயசு. நான் படிக்கிற புத்தகம் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஆலை அரிசியில் தவிடு போய்விடுகிறது, அதோடு சத்தும் போய்விடுகிறது. கைக்குத்தல் அரிசி சாப்பிட்டால் உடம்புக்கும் நல்லது, கிராமத்தில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார் அம்மா என்றேன்.

கிழவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஏந் தம்பி, அந்தப் பெரியவரு உலக்கையைப் பிடிச்சிருக்காரா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

"கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, ஒரு பெரிய வீட்டுக்கு நெல்லுக் குத்தப் போவோம். எங்க அத்தை, நானு, நாத்தனா. அரிசி அவுக வீட்டுக்கு. நொய்யும் தவிடும் எங்களுக்கு. தவிட்டுலதான் சத்துன்னு சொல்றீகளே, அப்ப சத்தெல்லாம் எங்களுக்குத்தான் வந்திருக்கு. எங்க உடம்பைப் பார்த்தாத் தெரியலையா?" என்று சொல்லிச் சிரித்தார்.

"அப்படியானால் மில் வந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லுங்கள்" என்றேன்.

"மில்லு வந்த வருசம் விடியிற வரைக்கும் தூங்குனேன், தம்பி. கல்யாணமான பெறகு அப்பத்தான் மொதத் தூக்கம். அதுக்கு அடுத்த வருசம் வேலையும் இல்லை, நொய்யும் இல்லை. என்னத்தைச் சொல்ல? ரெண்டும் நெசந்தான்."

இரண்டும் நிஜம்தான். குமரப்பாவைப் பற்றி வெளிவந்திருக்கும் பாராட்டுரைகளையும் கண்டனங்களையும் எல்லாம் சேர்த்து வைத்தாலும் இந்த நாலு வாக்கியத்துக்கு நிறை காணாது என்று எனக்குத் தோன்றுகிறது. இயந்திரம் கூலியைப் பறித்தது என்று குமரப்பா சொன்னது வாஸ்தவம். ஆனால் அந்தக் கூலி தூக்கத்தை விற்று வாங்கிய கூலி என்பதும் வாஸ்தவம். பழைய கிராமத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று யாராவது சொன்னால், அதில் எந்த வீட்டுக்கு அரிசி, எந்த வீட்டுக்கு நொய் என்று முதலில் கேட்டாக வேண்டும். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கார் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியபோது பலர் முகம் சுளித்தார்கள். அவர் பார்த்த கிராமத்தை அவர்கள் பார்த்ததில்லை. குமரப்பா ஜாதிக்கு வக்காலத்து வாங்கியவர் அல்ல. ஆனால் கிராமக் கைத்தொழில் என்று அவர் பட்டியல் போடும் தொழில்களில் பல, பிறப்பினால் ஒருவன் தலையில் கட்டப்பட்ட தொழில்கள். அந்தக் கட்டை அவிழ்ப்பது எப்படி என்பதற்குப் புத்தகத்தில் போதிய இடம் இல்லை. தோல் பதனிடுகிறவனின் மகன் கணக்குத் தணிக்கையாளனாக விரும்பினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை ஒரு கணக்குத் தணிக்கையாளர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று இரவு புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். வேலையைப் பற்றிய அத்தியாயத்தில் நின்றேன். ஒவ்வொரு வேலையிலும் இரண்டு அம்சம் கலந்திருக்கிறது என்கிறார் குமரப்பா. ஒன்று உடம்பை வருத்துகிற பாரம். மற்றொன்று செய்கிறவனை வளர்க்கிற இன்பம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் வேலை மனிதனுக்கு உணவுபோல் ஆகும். பலம் உள்ளவன் என்ன செய்கிறான் என்றால், இன்பத்தைத் தனியாகப் பிரித்துத் தான் எடுத்துக்கொண்டு, பாரத்தை இன்னொருவன் தலையில் வைத்துவிடுகிறான். அடிமை முறையும் சாம்ராஜ்யங்களும் இப்படித்தான் பிறந்தன என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிழவி கேட்ட கேள்வி இதுதான் அல்லவா? சாம்ராஜ்யத்துக்கும் அடிமை நாட்டுக்கும் நடுவில் இந்தப் பிரிவினையை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்தவர், அதே பிரிவினை அடுப்படியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கத் தவறிவிட்டார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதைக் காரணமாகச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கல்யாணம் செய்துகொண்டவர்களும் பார்க்கவில்லையே!

மறுநாள் காலையில் இந்த அத்தியாயத்தைக் கிழவிக்குத் தமிழில் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "எல்லாரும் மாத்தி மாத்திக் குத்துறதுன்னா நானும் வாரேன். ஆம்பளைகளையும் கூப்பிடுங்க" என்றார். நண்பர் தினசரிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்ததனால் வந்தது அது. பதவியில் இருந்தவர்கள் வீடு சேர்க்கிற கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, வீட்டைக் கொடுத்த கதை வினோதமாக இருக்கும். அவர் 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எளிமையை ஜனங்கள் கும்பிடுவார்கள். ஓட்டுப் போடுவது வேறு கணக்கு. அந்தக் கட்டிடத்தின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. இருக்கிறவன் விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் எளிமை. இல்லாதவன் இல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் எளிமை அல்ல, இல்லாமைதான். குமரப்பாவின் புத்தகத்தை இந்த வித்தியாசம் தெரியாமல் வாசிக்கிறவர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். குறைவாக வாங்கு என்பது இரண்டு பீரோ நிறையத் துணி வைத்திருக்கிற என்னைப் பார்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை. சத்திரப்பட்டித் தறிக்காரனைப் பார்த்துச் சொன்னால் அது பாவம்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாளைச் சேவித்தேன். இதைப் பக்திக்காகச் சொல்லவில்லை. குமரப்பாவிடம் எனக்குக் குறையாகத் தோன்றியது என்ன என்பது அந்தக் கோபுரத்தடியில்தான் புரிந்தது. திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் பெண்பிள்ளைகள் நெய் வேண்டாம், பால் வேண்டாம், மையும் பூவும் வேண்டாம் என்று நோன்பு எடுக்கிறார்கள். யாரும் அவர்கள் மேல் அதைச் சுமத்தவில்லை. தாங்களே கூடி முடிவு செய்கிறார்கள். இருபத்தேழாம் பாட்டில் அதே பெண்கள் நகையும் புடவையும் அணிந்துகொண்டு, நெய் வழிகிற பாற்சோற்றை எல்லாருமாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மார்கழி இருபத்தேழில் அக்காரவடிசில் பண்ணுகிற வீடுகளில் இன்றைக்கும் இது ஞாபகம் இருக்கிறது. விடுவது முடிவல்ல. எல்லாருக்கும் கிடைக்கிற ஒரு பந்திக்காக விடுகிறோம். குமரப்பா இரண்டாம் பாட்டை அற்புதமாக எழுதியிருக்கிறார். இருபத்தேழாம் பாட்டுக்கு அவருக்குப் பக்கம் போதவில்லை. ஜெயிலில் இருந்தவரிடம் விருந்தைப் பற்றி எழுதவில்லையே என்று குறைப்படுவது நியாயமில்லைதான். ஆனாலும் விமரிசனம் செய்ய வந்தவன் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு இந்தப் புத்தகத்தைப் படிக்கத்தான் வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கட்டாயம் படிக்கவேண்டும். நம் காலத்தில் எழுதப்படுகிற பொருளாதாரப் புத்தகங்களில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் கேட்பதில்லை. புள்ளிவிவரம் கொடுத்துவிட்டு விட்டுவிடுகின்றன. இது நம் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்க்கிறது. சங்கடப்படுத்தாத புத்தகத்தோடு சண்டை போடவும் முடியாது. ஒரு யோசனை மட்டும் சொல்வேன். முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காமல், வேலையைப் பற்றிய அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள். தனியாக அறைக்குள் உட்கார்ந்து படிக்காமல், வீட்டுப் பெண்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். நடுநடுவே அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அதையும் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய பிரதியின் ஓரத்தில் இப்போது உலக்கை என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறியை இன்னும் அழிக்கவில்லை.